ஆசியக் கிண்ணம் 2027: ஊர்க் கழகத்தில் கூடியிருந்து முழுத் தொடரையும் பார்ப்பதற்கான வழிகாட்டி

உலகக் கிண்ணம் வந்துவிட்டால் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பிரேசில் கொடியும் ஆர்ஜென்டீனாக் கொடியும் மின்கம்பங்களில் ஏறிவிடும். ஆசியக் கிண்ணத்துக்கு எவரும் கொடி கட்டுவதில்லை. நமது கண்டத்தின் தேசிய அணிகள் மோதும் உதைபந்தாட்டத் தொடர் அது. நமது அண்ணன்மாரும் காக்காமாரும் வேலை செய்கிற நகரங்களில் நடக்கிறது. ஐரோப்பிய ஆட்டங்களைப் போல் பின்னிரவு வரை கண்விழிக்க வைப்பதும் இல்லை. ஆனாலும் இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் காலையில்தான், "அப்படி ஒன்று நடந்ததா?" என்று கேட்கிறோம். எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

2024 ஜனவரியில் எங்கள் கழகத்தில் முதன்முறையாக ஒரு தொடரை ஆரம்பம் முதல் முடிவு வரை கூடியிருந்து பார்த்தோம். பதினைந்து பேரோடு தொடங்கியது, இறுதிப் போட்டியன்று வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது. அந்த மாதத்தில் கற்றுக்கொண்டதையும், அடுத்த தொடருக்குச் செய்ய வேண்டியதையும் படிப்படியாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எந்தக் கழகமும், நூலகமும், நாலு வீடு சேர்ந்த ஒழுங்கையும் இதைச் செய்யலாம்.

முதலாம் படி: தொடரின் உருவத்தை மனத்தில் ஏற்றுங்கள்

அடுத்த ஆசியக் கிண்ணம் 2027 ஜனவரி 7 முதல் பெப்ரவரி 5 வரை சவூதி அரேபியாவில், ரியாத், ஜித்தா, அல் கோபர் ஆகிய நகரங்களில் நடக்கிறது. மொத்தம் 24 அணிகள். நான்கு நான்காக 6 குழுக்கள். ஒவ்வொரு அணியும் தன் குழுவின் மற்ற மூன்று அணிகளோடும் ஒவ்வொரு முறை ஆடும். குழு ஒன்றுக்கு 6 ஆட்டங்கள், ஆக முதல் சுற்றில் 36.

குழுவில் முதலிரண்டு இடம் பெறும் 12 அணிகள் நேராக அடுத்த சுற்றுக்குப் போகும். மூன்றாம் இடம் பெற்ற ஆறு அணிகளில் சிறந்த நான்கும் அவற்றோடு சேரும். இப்படி 16 அணிகள். அங்கிருந்து தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்: 8 ஆட்டங்கள், பிறகு 4 கால் இறுதி, 2 அரை இறுதி, ஓர் இறுதி. எல்லாம் கூட்டினால் 51. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் 2019 முதல் கிடையாது.

1956 இல் ஹொங்கொங்கில் முதல் தொடர் நடந்தபோது ஆடியவை நான்கே அணிகள். தென் கொரியா வென்றது. அதிக முறை வென்றது ஜப்பான், நான்கு தடவை. சவூதியும் ஈரானும் மும்மூன்று. கடந்த இரண்டு தொடர்களையும், 2019 இலும் 2024 இலும், கட்டார் வென்றது. இவ்வளவு வரலாறு சுவரில் எழுதப் போதும். மீதியைப் பெரியவர்கள் பேச்சில் சொல்லட்டும்.

இரண்டாம் படி: நேரத்தை மாற்றி நாட்காட்டியில் குறியுங்கள்

சவூதி நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் நமது நேரம். அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே 7.30. அங்கே இரவு 8 என்றால் இங்கே 10.30. ஆட்ட அட்டவணை கிடைத்ததும் கழகத்தின் பெரிய நாட்காட்டியில் எல்லாவற்றையும் நமது நேரத்தில் எழுதிவிடுங்கள். சவூதி நேரத்தையும் பக்கத்தில் எழுதாதீர்கள். 2024 இல் கட்டார் நேரத்தையும் நமது நேரத்தையும் எழுதி வைத்து, பாதிப் பேர் நேரம் தவறி வந்து சேர்ந்தார்கள்.

இரவு 10.30 க்குத் தொடங்கும் ஆட்டம் சாதாரணமாக நள்ளிரவு தாண்டி அரை மணியளவில் முடியும். தோற்றவர் வெளியேறும் விலகல் சுற்றில் மேலதிக நேரம் 30 நிமிடமும் பெனல்டியும் வந்தால் ஒன்றேகால் ஆகிவிடும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. தூரத்து ஆட்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நமது பக்கத்தில் அந்த மாதம் வேறு வேலைகளும் உண்டு. தைப்பொங்கல் அதற்குள் வருகிறது. பெரும்போக வயல் விளைந்து நிற்கும், சில கண்டங்களில் வெட்டுத் தொடங்கியிருக்கும், யானைக் காவலுக்கு இரவில் ஆட்கள் வாடியில் இருப்பார்கள். இவர்களையும் கணக்கில் எடுங்கள். 2024 இல் எங்கள் முன்கள வீரர் ஒருவர் வாடியில் இருந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கோல் நிலவரம் கேட்பார். சொல்வதற்கென்றே ஒரு சிறுவனை ஒழுங்குபடுத்தினோம். இறுதிப் போட்டி 5 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நோன்பு அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் கூட்டம் சேர்ப்பதில் இடைஞ்சல் இராது.

மூன்றாம் படி: சுவர்ப் பலகை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். திரையைவிட இது முக்கியம் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன். தொலைபேசியில் புள்ளி அட்டவணை ஒரு தொடுகையில் கிடைக்கும், அதே வேகத்தில் மறந்தும் போகும். கையால் எழுதிய அட்டவணைக்கு முன்னால் பிள்ளைகள் நின்று வாதாடுவார்கள்.

வெள்ளை பிரிஸ்டல் போர்ட் ஆறு வாங்குங்கள், குழுவுக்கு ஒன்று. ஏழாவது ஒன்று மூன்றாம் இட அணிகளுக்கு. ஒவ்வொன்றிலும் நான்கு அணிகளுக்கு நான்கு வரி, எட்டு நிரல்: ஆடியது, வெற்றி, சமநிலை, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. கீழே அந்தக் குழுவின் ஆறு ஆட்டங்களையும் எழுதி, முடிவுக்கு இடம் விடுங்கள். எண்களைப் பென்சிலால் எழுதுங்கள். மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகு மட்டும் மார்க்கர் பேனை. ஜனவரி ஈரத்தில் பலகை சுருளும், ஆகவே நான்கு மூலையிலும் அல்லாமல் மேல் விளிம்பு முழுக்க ஒரு சலாகை வைத்து ஆணி அடியுங்கள்.

ஒரு குழுவுக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. பத்து வயதிலிருந்து பதினான்கு வரை உள்ளவர்கள் இதற்கு மிகப் பொருத்தம். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். எங்கள் கழகத்தில் மிகச் சுத்தமாகக் கணக்கு வைத்தவள் எட்டாம் வகுப்புச் சிறுமி. அவளுக்குப் பொறுப்பான குழுவில் ஈராக், ஜப்பான், இந்தோனேசியா, வியட்நாம் இருந்தன.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு குழுவில் நான்கு அணிகளும் அடித்த கோல்களின் கூட்டுத்தொகையும் வாங்கிய கோல்களின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். வித்தியாசங்களைக் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். அந்தச் சிறுமியின் பலகையில் ஈராக் 8 அடித்து 4 வாங்கியது, ஜப்பான் 8க்கு 5, இந்தோனேசியா 3க்கு 6, வியட்நாம் 4க்கு 8. கூட்டிப் பாருங்கள்: இரு பக்கமும் 23. வித்தியாசம் கூட்டல் 4, கூட்டல் 3, கழித்தல் 3, கழித்தல் 4, ஆக பூச்சியம். இந்தச் சோதனையைச் சொல்லித்தந்தவர் எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். சேர் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்போம்.

நான்காம் படி: சமனான புள்ளியைப் பிரிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் உடனே மொத்தக் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதுதான் நமது உள்ளூர்ச் சுற்றுப்போட்டிப் பழக்கம். ஆசியக் கிண்ணத்தில் அப்படியில்லை. முதலில் அந்த இரண்டு அணிகளும் தமக்குள் மோதிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் வென்றவர் மேலே. மூன்று அணிகள் சமனாக நின்றால் அந்த மூன்றுக்கும் இடையே நடந்த ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனியாக ஒரு சிறு அட்டவணை போட வேண்டும். அதிலும் பிரியாவிட்டால்தான் குழுவின் எல்லா ஆட்டங்களின் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள். அதற்கும் பிறகு மஞ்சள், சிவப்பு அட்டைக் கணக்கு. கடைசியாகத் திருவுளச்சீட்டு.

கடந்த தொடரில் ஐக்கிய அரபு அமீரகமும் பலஸ்தீனமும் 4 புள்ளிகளோடு நின்றன. தமக்குள் ஆடியது 1-1 சமநிலை. ஆகவே மொத்த வித்தியாசத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அமீரகத்துக்கு கூட்டல் 1, பலஸ்தீனத்துக்குப் பூச்சியம். அமீரகம் இரண்டாம் இடம்.

இனி மூன்றாம் இடப் பலகை. தொடரின் உயிர் இங்கேதான் துடிக்கிறது. வெவ்வேறு குழுவில் ஆடிய அணிகள் ஒன்றோடொன்று மோதியிருக்காது என்பதால் இங்கே நேரடி மோதல் கணக்கு இல்லை. புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், அட்டை, சீட்டு என்ற வரிசை மட்டும்.

2024 ஜனவரி 25. தைப்பூச நாள், போயா விடுமுறை. குழுச் சுற்றின் கடைசி நாளும் அதுதான். எங்கள் ஏழாவது பலகையில் ஜோர்தான் 4 புள்ளி, பலஸ்தீனம் 4, சிரியா 4 என்று உறுதியாகிவிட்டது. பலஸ்தீனத்துக்கும் சிரியாவுக்கும் வித்தியாசம் பூச்சியமே, ஆனால் பலஸ்தீனம் 5 கோல் அடித்திருந்தது, சிரியா ஒன்றே ஒன்று. நான்காவது இடம் மட்டும் மிச்சம். இந்தோனேசியா 3 புள்ளியோடு, கழித்தல் 3 வித்தியாசத்தோடு, தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டுக் காத்திருந்தது. சீனாவுக்கு 2 புள்ளிதான், அது வெளியே. கிர்கிஸ்தானோடு ஓமான் ஆடிக்கொண்டிருந்தது. ஓமான் வென்றால் 4 புள்ளி, இந்தோனேசியா வீட்டுக்கு.

ஓமான் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. எழுபது நிமிடம் தாண்டியும் 1-0. நான் மார்க்கரை எடுத்து நான்காவது வரியில் ஓமான், 4 என்று எழுதினேன். சேர் பின்னால் இருந்து, "தம்பி, விசில் ஊதும் வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது" என்றார். 80 ஆவது நிமிடத்தில் கிர்கிஸ்தானின் ஜோயல் கோஜோ சமன் செய்தார். ஆட்டம் 1-1 என முடிந்தது. ஓமானுக்கு 2 புள்ளி. எட்டாம் வகுப்புச் சிறுமி எழுந்து வந்து, என் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, ஓமானின் மேல் ஒரு கோடு இழுத்து, தன் குழுவின் இந்தோனேசியாவை எழுதினாள். யாரும் பேசவில்லை. பிறகு கழகமே அதிரும்படி கைதட்டினார்கள். இந்தோனேசியாவுக்கும் எங்கள் ஊருக்கும் அதற்கு முதல் நாள் வரை எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

அதே பலகையில் முதல் வரியில் நின்ற ஜோர்தான் என்ன ஆனது தெரியுமா? மூன்றாம் இடத்திலிருந்து தப்பி வந்த அந்த அணி ஈராக்கை 3-2, தஜிகிஸ்தானை 1-0, தென் கொரியாவை 2-0 என்று வென்று இறுதிப் போட்டி வரை போனது. மூன்றாம் இடப் பலகையை எவராவது அலட்சியமாகப் பேசினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மூன்றாம் இட அணிகள் யாரோடு மோதும் என்பது எந்த நான்கு குழுக்களிலிருந்து அவை வருகின்றன என்பதைப் பொறுத்தது. ஆறில் நான்கு என்றால் 15 விதமாக அமையலாம், ஒவ்வொன்றுக்கும் விதிமுறையில் முன்கூட்டியே சோடி எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இலங்கையின் பாதையையும் எழுதி வையுங்கள்

"நாம் ஆடாத தொடரை ஏன் பார்க்க வேண்டும்?" என்று எவராவது கேட்பார். நியாயமான கேள்வி. இலங்கை ஒருமுறைகூட ஆசியக் கிண்ணத்தின் பிரதான சுற்றில் ஆடியதில்லை. ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் தட்ட முடியும்.

2027 தொடரின் 24 இடங்களில் 18 இடங்கள் உலகக் கிண்ணத் தகுதிகாணின் இரண்டாம் சுற்றோடு நிரம்பிவிட்டன. மீதி 6 இடங்களுக்கு 24 அணிகள், ஆறு குழுக்களாகப் பிரிந்து மோதின. குழுவில் முதலிடம் பெற்றவருக்கு மட்டுமே இடம், இரண்டாமிடத்துக்கு ஒன்றுமில்லை. அந்தச் சுற்றில் நுழையவே இலங்கை ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு இரண்டு ஆட்டங்கள், கொழும்பில் கோல் இல்லாத சமநிலை, புனோம் பென்னில் 2-2, பிறகு பெனல்டியில் வெற்றி. தலைவரும் கோல்காப்பாளருமான சுஜான் பெரேராவின் பெயரை அன்றிரவு எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அதன் பின் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சைனீஸ் தாய்ப்பே (தாய்வான்) ஆகியவற்றோடு ஒரே குழு. முதலிடம் கிட்டவில்லை.

இதை 2023 உடன் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்டில்தான் நீக்கியது. தடைக்குப் பிறகு ஓராண்டில் கம்போடியாவில் போய் வென்று வந்த அணி இது. ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கமர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற புலம்பெயர் வீரர்கள் இப்போது தேசியச் சட்டையை அணிகிறார்கள். அந்தப் பட்டியலில் மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனை சந்தாங்கேணியிலோ பந்து உதைத்து வளர்ந்த பெயர்களும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு தனித்தாளில் இந்தப் பாதையை எழுதி, மற்ற ஏழு பலகைகளுக்கும் மேலே ஒட்டுங்கள்.

ஆறாம் படி: ஆளுக்கொரு அணியைத் தத்தெடுங்கள்

24 நாடுகளின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். ஜப்பானை எல்லோரும் கேட்பார்கள், ஆகவே தெரிவு வேண்டாம், குலுக்கல்தான். எடுத்தவர் அந்த அணி ஆடும் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் எழுந்து நின்று பேச வேண்டும்: நாடு எங்கே இருக்கிறது, முன்னர் எப்படி ஆடியது, யாரைக் கவனிக்க வேண்டும். 2024 இல் சீட்டில் தஜிகிஸ்தான் விழுந்த கடைக்கார அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தார். அந்த அணியோ முதன்முறையாகத் தொடருக்கு வந்து கால் இறுதிவரை போனது. அவர் இன்றும் அந்தச் சீட்டைப் பணப்பையில் வைத்திருக்கிறார்.

ஈராக் யாருக்கு விழுகிறதோ அவரிடம் 2007 ஐப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். போர் நடந்துகொண்டிருந்த நாடு. சொந்த மண்ணில் ஆட முடியாத அணி. ஷியா, சுன்னி, குர்து என்று தெருவில் பிரிந்து கிடந்தவர்களின் பிள்ளைகள் ஒரே சட்டையில் ஆடினார்கள். அரை இறுதியில் தென் கொரியாவைப் பெனல்டியில் வென்ற இரவில் பக்தாதில் கொண்டாடிக்கொண்டிருந்த மக்கள் நடுவே குண்டுகள் வெடித்துப் பலர் இறந்தார்கள். ஜூலை 29 அன்று ஜகார்த்தாவில் இறுதிப் போட்டி. குர்து இனத்தவரான ஹவார் முல்லா முகமது மூலையிலிருந்து உதைத்த பந்தைத் தலைவர் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி உள்ளே போட்டார். சவூதியை 1-0 என வென்று கிண்ணம் ஈராக்குக்குப் போனது. அதே ஆண்டில் நமது மாவட்டத்திலும் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் முகாம்களில் இருந்தார்கள். இந்தக் கதையை எங்கள் கழகத்தில் சொன்னபோது, அப்போது முகாமில் இருந்த இருவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழாம் படி: திரை, மின்சாரம், மழை

ஒளிபரப்பு உரிமை தொடருக்குத் தொடர் கை மாறும். டிசம்பர் முதல் வாரத்திலேயே உங்கள் டிஷ் அல்லது இணைய நிறுவனத்திடம் எந்த அலைவரிசை என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஆட்டத்தன்று கேட்பது வீண்.

ஜனவரி நமக்கு மாரி. 2011 ஜனவரியில் கட்டாரில் ஆசியக் கிண்ணம் நடந்தபோது நமது இரண்டு மாவட்டங்களும் வெள்ளத்தில் கிடந்தன, திரைக்கு முன்னால் இருக்க வேண்டிய மாலைகளில் பாடசாலைகளில் அரிசியும் பாயும் பகிர்ந்துகொண்டிருந்தோம். அந்த அளவுக்கு மழை வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெள்ள வேலைக்குப் போக வேண்டும். கழகத்தின் புரொஜெக்டரைவிட அதன் ஜெனரேட்டருக்கு அன்று தேவை அதிகம்.

சாதாரண மழைக்கு: டிஷ்ஷுக்கு வரும் அலையைக் கனத்த மழைத்துளி உறிஞ்சிவிடும், படம் கட்டங்கட்டமாக உடையும். டிஷ் சரியான கோணத்தில் இருந்தால் பெரும்பாலான மழையைத் தாங்கும், கொஞ்சம் விலகியிருந்தால் தூறலுக்கே போய்விடும். ஆகவே மாரிக்கு முன், வானம் தெளிந்த நாளில், ஆளை அழைத்து அலையின் அளவை உச்சத்துக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வயர் பொருத்தும் இடத்தில் தண்ணீர் இறங்காதபடி இறப்பர் நாடா சுற்றுங்கள். இடி முழங்கும்போது எவரும் கூரையில் ஏறக் கூடாது. ஒரு கோல் போனால் போகட்டும்.

மாற்று வழியாகக் கைத்தொலைபேசி இணையத்தைத் தயாராக வையுங்கள். தெளிவான படத்துக்கு மணிக்கு ஒன்றரை முதல் மூன்று ஜீபி வரை போகும். இணையப் படம் டிஷ்ஷைவிட அரை நிமிடம் வரை பிந்தும், அதனால் பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தால் அவர்கள் கத்துவது உங்களுக்கு முந்தித் தெரிந்துவிடும். அவர்களையும் கழகத்துக்கு அழைத்துவிடுவதே இதற்கு நல்ல வழி.

குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கும். பெரிய திரையில் ஒன்று, தொலைபேசியில் மற்றது. தொலைபேசிக்காரர் கோல் விழுந்தால் மட்டும் கையை உயர்த்தட்டும்.

மின்சாரம் போனால் ஜெனரேட்டரைக் கழகத்தின் வெளியே, சன்னலுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். மழை என்று எவரும் அதை உள்ளே இழுத்து வர விடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

எட்டாம் படி: ஆட்கள்

டிக்கெட் போட்டுப் பணம் வாங்க வேண்டாம். நமது டிஷ் இணைப்பு வீட்டுப் பாவனைக்கானது. தேநீருக்கும் கடலைக்கும் ஓர் உண்டியல் போதும். ஒலிபெருக்கி வைப்பதானால் பொலிஸில் அனுமதி எடுங்கள், இரவு பத்துக்குப் பிறகு அதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், நோயாளி இருப்பார். தொலைக்காட்சியின் சத்தமே போதுமானது.

பெண்களுக்கு என்று ஒரு மூலையை ஒதுக்காதீர்கள். முன்வரிசையில் பாதியைக் கொடுங்கள், வாசலுக்கு விளக்குப் போடுங்கள், முடிந்ததும் கூட்டமாக வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். பந்தயம் கட்டுவதை முதல் நாளிலேயே தடை செய்யுங்கள். எங்கள் கழகத்தில் ஒருவர் இருநூறு ரூபாயில் தொடங்கியதைக் கண்டதும் சேர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார், பணம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகுதான் போட்டார்.

ஒன்பதாம் படி: ஆட்டத்தைப் பார்ப்பது

பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தில் பாதி தப்பிவிடும். முதல் பத்து நிமிடம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுங்கள்: பந்து இல்லாத அணி எந்த இடத்தில் நின்று காத்திருக்கிறது? தன் பெனல்டி எல்லைக்கு முன்னால் இரண்டு வரிசையாக நிற்கிறதா, நடுக்கோட்டுக்கு வந்து நெருக்குகிறதா?

2024 அரை இறுதியில் ஜோர்தான் எப்படித் தென் கொரியாவை வீழ்த்தியது என்று பாருங்கள். கொரியாவுக்கு நட்சத்திர முன்கள வீரர் சொன் ஹியுங் மின் இருந்தார், பந்தும் பெரும்பாலும் அவர்களிடமே இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் கொரிய வீரர் பின்னோக்கிக் கொடுத்த ஒரு தளர்ந்த பந்தை மூசா அல் தமாரி பாய்ந்து பறித்தார். அவர் தானே அடிக்கவில்லை. யாஸன் அல் நைமாத் ஓடுகிற தடத்துக்கு நேராக உருட்டிவிட்டார், அல் நைமாத் வெளியே வந்த கோல்காப்பாளரின் மேலாக மெல்லத் தூக்கிப் போட்டார். பதின்மூன்று நிமிடம் கழித்து அல் தமாரி நடுவிலிருந்து தனியே எடுத்துச் சென்று இரண்டாவதையும் போட்டார். அந்த முதல் கோலை நாங்கள் மறுநாள் மாலை மைதானத்தில் நான்கு பேரை நிறுத்தி நடித்துப் பார்த்தோம். தளர்ந்த பந்து எவ்வளவு ஆபத்து என்று எங்கள் பின்கள வீரர்களுக்கு நான் மூன்று ஆண்டாகச் சொன்னது அன்றுதான் ஏறியது.

நடுவரைத் திட்டுவதற்கு முன் விதியைச் சொல்லிக்கொடுங்கள். ஈராக்கின் அய்மன் ஹுசைன் ஜோர்தானுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு, புல் தரையில் அமர்ந்து சாப்பிடுவதுபோல் நீண்ட நேரம் கொண்டாடி இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். அப்போது ஈராக் 2-1 என முன்னிலையில் இருந்தது. பத்துப் பேரோடு தோற்றுப் போனது. தண்டனை கடுமைதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் முதல் மஞ்சளோடு நிற்கும் வீரர் எதைச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

பத்தாம் படி: இறுதி இரவும் அதன் பிறகும்

பெப்ரவரி 5 ஆம் தேதிக்கு ஊரில் எல்லோரையும் அழையுங்கள். சவூதியில் வேலை செய்யும் நமது ஆட்கள் மைதானத்துக்குப் போயிருந்தால் இடைவேளையில் அவர்களோடு காணொளியில் பேசுங்கள். அவர்கள் கட்டிய வீதிகளையும் ஓட்டிய பஸ்களையும் அந்த இரவில் திரையில் பார்க்கப்போகிறோம். கடந்த இறுதிப் போட்டியில் கட்டார் ஜோர்தானை 3-1 என வென்றது, மூன்றையும் அக்ரம் அஃபிஃப் பெனல்டியில் போட்டார். ஜோர்தான் தோற்ற அந்த இரவில் எங்கள் கழகத்தில் சிலர் அழுதார்கள், அவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் பலகைகளைக் கழற்றும்போது கிழித்து எறியாதீர்கள். ஏழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எழுத்து உள்ளே வரும்படி சுருட்டுங்கள். இறப்பர் வளையம் போட வேண்டாம், நமது வெப்பத்தில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, கறையான் ஏறாத உயரத்தில், வளைக்கம்புக்கு மேலே செருகிவையுங்கள். எங்கள் 2024 சுருள் அங்கேதான் இருக்கிறது. ஓமானின் மேல் இழுத்த கோடு இன்னும் மங்கவில்லை. அந்தச் சிறுமிக்கு 2027 இல் பதினாறு வயது ஆகியிருக்கும். மூன்றாம் இடப் பலகை இந்த முறை அவள் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.